ஆயுத பூஜைக்குக் கழுவிய தட்டுகள்

செப்டம்பர் 29, ஞாயிறு

காலாண்டு விடுமுறை. விடுதி காலியாகக் கிடக்கிறது. அம்மா பீடி சுற்றுகிறாள். விடுமுறைக்கென்று நூலகத்தில் எடுத்த மூன்று புத்தகங்களையும் முடித்துவிட்டேன். இனி நானே எழுதிப் படிக்க வேண்டியதுதான்.

எங்கள் வீடு பள்ளி வளாகத்தின் கடைசியில் இருக்கிறது. அதன் பின்னால் தென்னந்தோப்பு, தோப்புக்குள் அப்பா வேலை பார்க்கும் கொட்டகை. விடுதியின் குளியலறை, கழிப்பறை, சமையல்கட்டுத் தண்ணீர் எல்லாம் அந்தக் கொட்டகைக்குத்தான் வருகிறது. உள்ளே நீளமான தொட்டி. அதன் குறுக்கே ஓர் இரும்புத் தண்டு. தண்டில் ஆளுயரத் தட்டுகளை அப்பளம் அடுக்கிய மாதிரி நெருக்கமாகக் கோத்திருக்கிறார்கள். தட்டுகளின் பாதிக்கும் கொஞ்சம் குறைவான பகுதி அழுக்குத் தண்ணீருக்குள்ளும் மீதி காற்றிலும் இருக்கும். மோட்டார் அவற்றை மிக மெதுவாகச் சுற்றும். நின்று பார்த்தால்தான் சுற்றுவதே தெரியும். தட்டு முழுக்க வழுவழுவென்று பழுப்பு நிறத்தில் ஏதோ அப்பியிருக்கும். முதல் தட்டுகளில் அடைமாவு கனத்துக்கு, கடைசித் தட்டுகளில் செம்மண் பூச்சு போல. அங்கிருந்து தண்ணீர் இன்னொரு தொட்டிக்குப் போய்த் தெளிந்து, தோப்புக்குப் பாய்கிறது. வரும்போது சாக்கடை, போகும்போது ஏறக்குறைய நிறமே இல்லை. எப்படி என்று அப்பாவுக்கும் தெரியாது.

விடுதிப் பெண்கள் இதை நாத்த ராட்டினம் என்பார்கள். நான் ராட்டினத்தார் மகள்.

அப்பா பெயர் பரமகுரு. சுரண்டையில் அரிசி ஆலையில் ஃபிட்டராக இருந்தார். ஆலையை மூடியதும் ஜூன் மாதம் இங்கே சேர்ந்தார். இன்னும் தற்காலிகம்தான். நவம்பரில் தோப்புக்குப் போகும் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுப்பார்கள். தேறினால் அப்பா நிரந்தரம். தேறாவிட்டால் வேலை போகும், வேலையோடு இந்த வீடும், கட்டணமில்லாமல் எனக்குக் கிடைத்த ஒன்பதாம் வகுப்பு இடமும் போகும். வார்டன் புஷ்பகலா டீச்சர் இதை அப்பாவிடம் என் எதிரிலேயே சொன்னார். அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் 8, செவ்வாய்

இன்று நான் கண்டதை யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் போல இருக்கிறது.

முதல் தட்டிலிருந்து ஈர்க்குச்சியால் வழித்து, மை பாட்டிலில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். ஜெபக்கனியும் கூட வந்தாள். அவள் உவரிக்காரி, விடுதியில் தங்கியிருப்பவள். என் பக்கத்தில் உட்காரும்போது மூக்கைப் பிடிக்காத ஒரே பெண். உயிரியல் டீச்சர் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துக் கொடுத்தார்.

சேறு என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளே காம்பு வைத்த குட்டி மணிகள் கொத்துக் கொத்தாக நின்றன. திடீரென்று காம்பு சுருண்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது, பிறகு மெல்ல நீள்கிறது. மணியின் விளிம்பில் மயிரிழைகள் விடாமல் சுழல்கின்றன. இவற்றை விடச் சிறிய பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்கின்றன, இந்த மணிகள் பாக்டீரியாக்களைத் தின்கின்றன என்றார் டீச்சர். தட்டு தண்ணீருக்குள் போகும்போது அவற்றுக்குச் சாப்பாடு, வெளியே வரும்போது மூச்சு. தின்று கொழுத்து கனம் தாங்காமல் உரிந்து விழுபவை அடுத்த தொட்டியில் அடியில் படிகின்றன.

“மெஸ்ல நம்ம சாப்பிடுதத விட இதுங்க நல்லால்லா சாப்பிடுது” என்றாள் ஜெபக்கனி, கண்ணை எடுக்காமல்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். “உயிரா?” என்று கேட்டுச் சிரித்தார். பிறகு தண்டுக்கு கிரீஸ் வைக்கப் போய்விட்டார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. விடுதிப் பெண்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

ஆலையில் இருந்த காலத்திலிருந்தே அப்பாவுக்கு இதுதான் பெரிய பண்டிகை. ஆலையில் எல்லா இயந்திரத்தையும் நிறுத்தி, துடைத்து, கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொட்டு இல்லாமல் வைத்துத்தான் சந்தனம் இடுவாராம். இன்று விடியும் முன்பே மோட்டாரை நிறுத்திவிட்டார். தண்டைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி, குழாயைப் பீய்ச்சி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரும் தும்பு பிரஷ்ஷும் வைத்து ஒவ்வொரு தட்டாகத் தேய்த்தார். பழுப்பெல்லாம் கூழாக வழிந்து ஓடியது. தட்டுகளின் உண்மையான நிறம் கறுப்பு என்று இன்றுதான் தெரிந்தது. பளபளவென்று இருந்தன.

அம்மா வாசலில் நின்று, “நம்ம கல்யாணத்துக்குக் கூட இப்படித் தேய்ச்சுக் குளிச்சதில்ல இந்த மனுசன்” என்றாள்.

சந்தனப் பொட்டும் குங்குமமும் நான்தான் வைத்தேன். வார்டன் டீச்சர் வந்து பார்த்து, இப்போதுதான் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னார். அப்பாவை அவர் பாராட்டியது இதுதான் முதல் தடவை. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

எனக்கு நடுவில் அந்த மணிகள் ஞாபகம் வந்தது. என் புத்தகங்களும் பூஜையில் இருக்கின்றன. இன்று படிக்கக் கூடாது. அதனால் எதையும் எடுத்துப் பார்க்க முடியவில்லை. பொரிகடலை நன்றாக இருந்தது.

அக்டோபர் 12, சனி

அப்பா மோட்டாரைப் போட்டார். தட்டுகள் சத்தமே இல்லாமல் சுற்றுகின்றன. அவ்வளவு லேசாகிவிட்டன.

அக்டோபர் 16, புதன்

விடுதிப் பெண்கள் திரும்பிவிட்டார்கள். தொட்டித் தண்ணீர் நேற்று சாம்பல் நிறம், இன்று கறுப்பு. அழுகின முட்டை போல நாற்றம். வகுப்பில் மூன்றாவது வரிசை வரைக்கும் வருகிறது. தெளியும் தொட்டியில் எதுவும் தெளியவில்லை. வந்தபடியே தோப்புக்குப் போகிறது.

அப்பா மோட்டாரைக் கழற்றிப் பார்த்துப் பூட்டினார். மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை.

அக்டோபர் 18, வெள்ளி

வார்டன் டீச்சர் கொட்டகைக்கே வந்து, நவம்பர் நெருங்குகிறது என்பதை நினைவூட்டிவிட்டுப் போனார். அதிலிருந்து அப்பா காலையும் மாலையும் தட்டுகள் மேல் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுகிறார். கொஞ்ச நேரம் நாற்றம் அடங்குகிறது. பிறகு முன்பைவிட மோசமாக வருகிறது. அப்பாவுக்குக் கண் சிவந்து கிடக்கிறது. சாப்பிடும்போது கையை மோந்து பார்க்கிறார்.

மழை தொடங்கிவிட்டது.

அக்டோபர் 20, ஞாயிறு

இதை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். தட்டில் இருந்தது அழுக்கு இல்லை. வேலை செய்தது இயந்திரமும் இல்லை, அந்தப் பழுப்புத்தான். அது திரும்ப வளர்ந்தால் எல்லாம் சரியாகும். புதுத் தட்டில் படலம் பிடிக்க ஓரிரு வாரம் போதும் என்று உயிரியல் டீச்சர் கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் தினமும் பவுடர் ஊற்றினால் ஒருநாளும் பிடிக்காது.

இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் பேச்சை எடுத்தேன். பவுடர் போடாமல் விட்டால் பழைய வழுவழுப்பு வந்துவிடும், அது வந்தால் நாற்றம் போய்விடும் என்றேன்.

“அழுக்கு சேந்தா நாத்தம் போகும்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?” என்றார் அப்பா.

“நாளைக்கே குளிக்காண்டாம், அதுதான் சுத்தம்னு சொல்லுவா உம்ம மவ” என்று அம்மா சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. “நான் பூஜ போட்ட மிசின் ஒண்ணு கூட இதுவரைக்கும் என்னைக் கைவிட்டதில்ல பிள்ள” என்றார்.

அடுத்த வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் பூஜைதான் கொன்றது என்று சொன்ன மாதிரி ஆகும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

நவராத்திரிக் கோலப் போட்டிக்கு வாங்கிய கோலப்பொடி, விளையாட்டு அறையில் ஒரு மூட்டை மிச்சம் இருந்தது. சாவி வகுப்புத் தலைவியான என்னிடம்தான் இருக்கிறது.

அப்பா தென்காசிக்குக் குழாய் வாங்கப் போயிருந்தபோது பிளீச்சிங் பவுடர் மூட்டையைக் காலி செய்து, அதில் கோலப்பொடியை நிரப்பினேன். வாசனைக்காக மேலே மட்டும் நிஜப் பவுடர் கொஞ்சம் தூவினேன். மிச்ச நிஜப் பவுடரைத் தோப்பில் ஓலைக் குவியலுக்குள் ஒளித்துவிட்டேன். கோலப்பொடி வெறும் கல்மாவு. ஒன்றையும் கொல்லாது.

கை நடுங்கியது என்று எழுத வேண்டும் என்று நினைத்தேன். உண்மையில் நடுங்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. நவம்பரில் அப்பா தேறிவிடுவார், எதனால் என்றே அவருக்குத் தெரியாது.

அக்டோபர் 24, வியாழன்

விடாமல் மழை. இந்த மூட்டையில் வீரியமே இல்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அப்பா திட்டுகிறார். இரண்டு மடங்கு கரைத்து ஊற்றுகிறார். தட்டுகள் வெள்ளையடித்த சுவர் போலத் தெரிகின்றன. ஒரு சுற்றில் கழுவிப் போய்விடுகிறது.

அக்டோபர் 26, சனி

வரலாற்றுத் தேர்வு நன்றாக எழுதினேன். தோப்பில் முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர் தேங்கியிருக்கிறது, விடுதிக்குத் தண்ணீர் ஏறும் கிணற்று மேடு மட்டும் தீவு மாதிரித் தெரிகிறது. வழக்கமான சனிக்கிழமை வேலையாக அப்பா கிணற்றுக்கும் விடுதியின் குடிதண்ணீர்த் தொட்டிக்கும் பவுடர் போட்டுவிட்டு வந்தார். அம்மா உளுந்தங்களி செய்தாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

வந்துவிட்டது.

முதல் தட்டில் விரலை வைத்தேன், வழுக்கியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தேநீர்க் கறை போல ஒரு பூச்சு. விடுதிக்கு ஓடிப்போய் ஜெபக்கனியிடம் மட்டும் சொன்னேன், மூட்டையைப் பற்றி அல்ல, பூச்சு வந்ததை மட்டும். அவள் என் விரலை மோந்து பார்த்து, “உன் மணியெல்லாம் வீட்டுக்கு வந்துட்டுன்னு சொல்லு” என்றாள். பிறகு, இந்த ஞாயிற்றுக்கிழமை குடிக்கிற தண்ணீர்கூட நன்றாக இருக்கிறது, பவுடர் வாடையே இல்லாமல் இனிக்கிறது என்றாள்.

அக்டோபர் 28, திங்கள்

காலையில் எனக்கும் மெஸ்ஸில்தான். இட்லி, தேங்காய்ச் சட்னி. சமையல் செய்யும் தாயம்மாக்கா, கெடாமல் இருக்க வெந்நீர் விட்டுத்தான் சட்னி அரைப்பார், எனக்கு எப்போதும் கூடுதலாக ஊற்றுவார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்றாவது பாடவேளையில் ஜெபக்கனி வெளியே ஓடினாள். திரும்பி வரவில்லை. எட்டாம் வகுப்பிலும் சிலர் இப்படி ஓடினார்களாம்.

அக்டோபர் 29, செவ்வாய்

பிரார்த்தனைக் கூட்டத்தில் வரிசைகள் பல்லுப் போன மாதிரி இருந்தன. நேற்று ராத்திரி முழுக்க விடுதியில் வாந்தியும் வயிற்றுப்போக்கும். ஜெபக்கனியை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது பார்த்தேன். கண் குழிக்குள் போயிருந்தது. என்னைப் பார்த்தாள், ஆனால் பார்ப்பது என்னைத்தான் என்று அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

வார்டன் டீச்சர் பதறிப்போய் கடையிலிருந்து புது மூட்டை பவுடர் வரவழைத்து, கிணறு, குடிதண்ணீர்த் தொட்டி, தரை என்று எல்லா இடத்திலும் போடச் சொன்னார். மத்தியானம் சுகாதார நிலையத்திலிருந்து வந்து, பவுடர் கலந்திருக்கிறதா என்று தண்ணீரில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். நல்ல மஞ்சளாக வந்தது. தண்ணீரில் பவுடர் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போனார்கள்.

தேங்காய்ச் சட்னி கெட்டுப்போய்விட்டது என்று முடிவாகியிருக்கிறது. தாயம்மாக்காவை நிறுத்திவிட்டார்கள். தீபாவளி விடுமுறையை ஒருநாள் முன்னதாகவே விட்டுவிட்டார்கள்.

அக்டோபர் 30, புதன்

விடுதிக் குழாயில் ஒரு வாய் குடித்தேன். பவுடர் வாடை தொண்டையைக் கட்டியது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வெடிச் சத்தம் ஊர்ப்பக்கமிருந்து வருகிறது. அம்மா கொடுத்த முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரே மூட்டைதான். தட்டுக்கும் கிணற்றுக்கும் அப்பா அதிலிருந்துதான் எடுத்தார். சனிக்கிழமை கிணற்றுக்குள் போனது கோலப்பொடி. தோப்பில் தேங்கியிருந்தது சுத்தமாகாத தண்ணீர். மழை அதைக் கிணற்றுக்குள் கொண்டுபோனது. எங்கள் வீட்டில் அம்மா சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர்தான் குடிக்கிறோம். நான் பள்ளிக்கும் அதைத்தான் பாட்டிலில் எடுத்துப்போகிறேன். அதே சட்னியை இரண்டு தடவை சாப்பிட்ட எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமை இதை நான் என் கையாலேயே மேலே எழுதியிருக்கிறேன். உளுந்தங்களிக்கு முந்தின வாக்கியம்.

புது மூட்டை குடிதண்ணீருக்கு மட்டும்தான், தட்டுகளுக்கு அப்பா இன்னும் பழையதையே கரைக்கிறார். தட்டுகளில் பூச்சு கனத்துக்கொண்டே வருகிறது. நாற்றம் பாதியாகக் குறைந்துவிட்டது.

நவம்பர் 2, சனி

அப்பா பழைய மூட்டையின் அடியைச் சுரண்டி எடுக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். ஈர விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பவில்லை. விரலுக்கிடையில் பொடியை நெருடிப் பார்த்தார். பிறகு, எங்கள் வாசலில் அம்மா காலையில் போட்டிருந்த கோலத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஆயுத பூஜை உட்பட. அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தட்டுகள் அவர் தோளுக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருந்தன.

நவம்பர் 3, ஞாயிறு

மூட்டை இருந்த இடம் காலியாக இருக்கிறது. ஓலைக் குவியலும் இல்லை, எரித்த சாம்பல் மட்டும்.

“பொதச்சாச்சு” என்றார் அப்பா. “இனிமே அந்தப் பேச்சு இந்த வீட்டுல வேண்டாம். சாப்பிடு.”

என்ன பேச்சு என்று அம்மா கேட்டாள். அப்பா குழம்பை என் பக்கம் தள்ளினார்.

நவம்பர் 5, செவ்வாய்

விடுதி திறந்தது. தண்ணீர் மாதிரி எடுத்துப்போனார்கள். பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தவர், பரவாயில்லையே என்றார்.

தாயம்மாக்கா சம்பள பாக்கிக்காக வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே விடவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு போகப் பார்த்தேன். கூப்பிட்டுவிட்டார்.

“ஏட்டி உலகம்மை, நீயும் அந்தச் சட்னியத்தான தின்ன? ஒனக்கு என்ன செஞ்சுது?”

ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

“இத உள்ள போய்ச் சொல்லேன். நான் சொன்னா கேக்க மாட்டக்காவ. வெளிய எங்க போனாலும் பிள்ளைகளுக்கு விஷம் வச்சவன்னுல்லா சொல்லுதாவ.”

மணி அடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடிக்கவில்லை.

நவம்பர் 9, சனி

தேறிவிட்டது. எல்லா அளவும் வரம்புக்குள். வார்டன் டீச்சர் அப்பாவுக்கு நிரந்தர வேலை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அம்மா பீடித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அழுதாள். அப்பா செங்கோட்டையிலிருந்து பரோட்டா வாங்கி வந்தார். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா தன் பங்கைப் பிய்த்துப் பிய்த்து இலையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

தட்டுகள் பழைய நிறத்துக்கு வந்துவிட்டன. முதலில் அடைமாவு, கடைசியில் செம்மண். நின்று பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. என்னால் நின்று பார்க்க முடியவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

ஜெபக்கனியின் அம்மா அவளுடைய பெட்டியை எடுத்துப்போக வந்திருந்தார். ஜெபக்கனியைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். சிறுநீரகம் வேலை செய்யவில்லையாம். கண் விழிக்கிறாள், மறுபடி மூடிக்கொள்கிறாள். பெட்டியைப் பேருந்து நிறுத்தம் வரை நான் தூக்கினேன். அவர் வழியெல்லாம் தாயம்மாக்காவைச் சபித்துக்கொண்டே வந்தார். அவள் கை அழுகிப் போகட்டும் என்றார். பெட்டியின் பிடி என் கையில் அறுத்தது. கை மாற்றிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், நாளைக்கு வார்டன் டீச்சர் அறைக்குப் போகப் போகிறேன் என்றேன். வேலை போகும் என்பார் என்று எதிர்பார்த்தேன். வீடு போகும், படிப்பு போகும் என்பார் என்று.

“சுரண்டையில நம்ம பழைய வீட்ட வேற ஆளுக்கு விட்டாச்சு பிள்ள” என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் 11, திங்கள்

முதல் மணிக்கு முன்பே போனேன். கதவுக்கு வெளியே அப்பா நின்றிருந்தார். என்னைத் தடுக்க வந்தாரா, கூட வர வந்தாரா என்று தெரியவில்லை. சலவைச் சட்டை போட்டிருந்தார். நான் உள்ளே நுழைந்தபோது அவர் கையை நீட்டினார், பிறகு கதவைப் பிடித்துக்கொண்டார். மூடவில்லை.

வார்டன் டீச்சர் புதுச் சமையல்காரிக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போனதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார்.

எங்கிருந்து தொடங்குவது என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது.

“சட்னி கெட்டுப்போகல டீச்சர்” என்றேன்.